பெயர் எழுதக்கூடாத கடிதம்

பக்கத்து வீட்டு மருமகள் இன்று காலையில் வந்து, "அக்கா, உங்க பிளஸ் டூ இங்கிலீஷ் கைடு இருக்கா? நானும் பிரைவேட்டா எழுதலாம்னு பாக்குறேன்" என்று கேட்டாள். பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டிப் பிரித்தேன். குப்பென்று தையல் மெஷின் எண்ணெய் வாசனை. கடிதப் பகுதியின் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை கறுப்பாக அப்படியே பதிந்திருக்கிறது. மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து, "கரையான் அரிச்சுடுச்சும்மா" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவள் போன பிறகு உட்கார்ந்தவள், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாறிய பிறகுதான் எழுந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆனி மாதத்திலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால் தானாக வாயில் வந்துவிடும் என்று பார்க்கிறேன். நீ குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்தபோது உன்னால் அது முடிந்ததே இல்லை.

போன கார்த்திகையில் புயல் எச்சரிக்கை என்று அங்கன்வாடியை மூன்று நாள் மூடியிருந்தார்கள். குடை பிய்த்துக்கொண்டு போகிற காற்றில் தருமபுரத்திலிருந்து உன் தையல் கடைக்கு நடந்தே வந்தேன். கையில் ஆபீஸ் கடிதம். திருவேட்டக்குடி அங்கன்வாடியில் பதினாறு வருடமாக நான் உதவியாளர். பாத்திரம் கழுவி, சாதம் வடித்து, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, டீச்சர் விடுப்பில் போனால் பாட்டும் சொல்லிக்கொடுத்து, எல்லா வேலையும் நான்தான். பணியாளர், அதாவது டீச்சர், ஆக வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். எனக்கு மற்ற பாடமெல்லாம் அப்போதே பாஸ். இங்கிலீஷ் மட்டும் இருபத்தாறு வருடமாக நிற்கிறது. வயது வரம்பு வருகிற ஆடியோடு முடிகிறது என்று கடிதத்தில் போட்டிருந்தது. அதற்குள் ஒரே ஒரு தேர்வுதான் மிச்சம். விட்டால் கடைசிவரை பாத்திரம்தான்.

அந்த நாளில் நான் ஏன் பெயிலானேன் என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாரிடமும் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். கட்டுரையை முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம் செய்துவிட்டு, உள்ளே போய் இரண்டாவது பத்தியின் முதல் வரி மறந்துபோய், ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முன் பெஞ்சில் நீ பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாய். உன் ஜடையைப் பார்த்துக்கொண்டே வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆபீஸ் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுக்காமலே சொன்னாய்: "நாளைலேந்து மூணு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிட்டுத்தான் பாடம்."

முதல் நாளே கைடைப் பிடுங்கி மெஷின் அடியில் போட்டுவிட்டாய். அதனால்தான் அந்த எண்ணெய். "இத நீ தொடவே கூடாது. ஒரு வரி மறந்தா மொத்தமும் போற படிப்பு நமக்கு வேணாம்." பிறகு துணி பண்டலில் வந்த அச்சுத்தாள், உன் அம்மாவின் மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த காகிதம், பக்கத்துக் கடையின் ஃபிரிட்ஜோடு வந்த புத்தகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கச் சொன்னாய். பத்தியைப் படிப்பதற்கு முன் கேள்வியைப் படிக்க வேண்டும், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடக் கூடாது என்பது உன் சட்டம். பேசிவ் வாய்ஸுக்கு என் ஆபீஸ் கடிதத்தையே எடுத்துக்கொண்டாய். "முடிவு செய்யப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கு பாரு. யாரு முடிவு பண்ணா? பேரு இல்ல. பேரு சொல்லப் பயந்தா பேசிவ்ல எழுதிடுவாங்க." பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் நடத்தியும் ஏறாதது அந்த ஒரு நிமிடத்தில் ஏறியது.

ரெட்டரிக் என்ற சொல்லைப் பார்த்தாலே நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். "ஒண்ணும் இல்லடி, பேசியே ஆளக் கவுக்கிறது" என்றாய். அந்த நேரம் பார்த்துக் கருக்களாச்சேரி மீன்கார அம்மாள் கூடையை வாசலில் இறக்கினார். "ஆறு வருசமா எங்கிட்டதானே வாங்குறீங்க, ஒரு நாளாச்சும் அழுகுன மீனு குடுத்துருக்கனா? இது காலைல வந்த போட்டு மீனு, செவுளத் தூக்கிப் பாருங்க. இத முடிச்சிட்டுதான் பேத்திய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவணும்." அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீ ஒவ்வொரு விரலாக மடக்கினாய். என்னை நம்பு என்பது ஒன்று. யோசித்துப் பார் என்பது இரண்டு. இரக்கப்படு என்பது மூன்று. நான் சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சுத் திணற, அந்த அம்மாள் இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போனார். மீனும் தரவில்லை.

டோன், அதாவது சொல்கிற தொனி, பற்றிய கேள்வி வந்தபோது என் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னேன். நான் ஆறு மணிக்கு வீடு திரும்பினால், "கலெக்டரம்மா வந்தாச்சா" என்பார். இதில் என்ன டோன் என்று கேட்டாய். கிண்டல் என்றேன். "இல்லடி, பயம். இன்னொரு தடவ பெயிலாயி நீ அழுவுறதப் பாக்க முடியாதுன்னு பயம்" என்றாய். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

இனி கடிதத்துக்கு வருகிறேன். வர வேண்டியதுதானே.

தேர்வில் கடிதம் எழுதினால் அனுப்புநர் இடத்தில் பெயர் எழுதக் கூடாது, எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று போட வேண்டும், ஊருக்கு ஒய் ஒய் ஒய். பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு எழுதி எழுதித்தான் நமக்கெல்லாம் எழுதவே வராமப் போச்சு. ஆளே இல்லாத கடுதாசியில என்னத்த எழுதுவ? உன் பேரு போடு. உன் தெருவப் போடு. உன் கோவத்தப் போடு." நான் போட்டேன். தெரு விளக்கு எரியவில்லை என்று என் பெயரோடு, முகவரியோடு, அங்கன்வாடி உதவியாளர் என்று பதவியும் போட்டு இங்கிலீஷில் எழுதினேன். அதில் இரண்டே தப்புதான் என்று சொல்லி நீ நிஜமாகவே தபாலில் சேர்த்துவிட்டாய். பத்தாம் நாள் ஆள் வந்து பல்பு மாட்டிவிட்டுப் போனான். "எக்ஸ் எக்ஸ் எக்ஸ் போட்டிருந்தா அந்த எக்ஸு வீட்டு வாசல்லதான் லைட்டு எரிஞ்சிருக்கும்" என்று நீ சிரித்த சிரிப்பில் மெஷின் பெடலே ஆடியது. அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுதுவதில் வெறியே பிடித்துவிட்டது. தண்ணீர்க் குழாய், நிற்காமல் போகிற பஸ், தெருநாய் என்று மாசி முடிவதற்குள் நாற்பது கடிதமாவது எழுதியிருப்பேன். நாற்பதிலும் என் பெயர்.

"பரீட்சைல மட்டும் எக்ஸ் போடணும், மறந்துடாதே" என்று கடைசி வாரம் தினமும் சொன்னாய். சொன்னாய்தான். இதை நான் உன்னிடம் ஒத்துக்கொண்டதே இல்லை.

தேர்வு அன்று பள்ளி கேட் வரைக்கும் வந்தாய். கூட எழுத வந்ததெல்லாம் என் மகள் வயதுப் பிள்ளைகள். ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் குடிக்கவைத்து, என் நெற்றியில் குங்குமத்துக்கு மேலே கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டு, "போயிட்டு வா, இங்கயேதான் இருப்பேன்" என்றாய். மூன்று மணி நேரம் அந்த வெயிலில் மதில் ஓரமாகவே நின்றிருந்தாய்.

உள்ளே கண்காணிப்பாளர் ஏதேதோ சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. கேள்வித்தாளைத் திருப்பினால், உங்கள் தெருவில் மழைநீர் தேங்குவது பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். என் தெருவைப் பற்றி என்னையே கேட்கிறார்கள்! கை ஓடியது பார், இருபத்தாறு வருடத்துக்கும் சேர்த்து ஓடியது. வெளியே வரும்போது பறக்கிற மாதிரி இருந்தது.

கேட்டைத் தாண்டுவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய சின்னப்பெண் கேட்டாள்: "ஆண்ட்டி, லெட்டர் ஈஸியா இருந்துச்சுல்ல? எக்ஸ் எக்ஸ் எக்ஸ்தானே போட்டீங்க? பேரு போட்டா பேப்பரே போயிடும்னு சார் ரெண்டு தடவ சொன்னாரே."

கால் நின்றுவிட்டது. கண் முன்னால் என் பெயர்தான் தெரிந்தது. பெரிய எழுத்தில், நாற்பது முறை எழுதிய அதே சாய்வில்.

நீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய்.

"நான் பேரு எழுதிட்டேன்டி."

"என்னது?"

"என் பேரு, தருமபுரம், அங்கன்வாடி, எல்லாத்தையும் எழுதிட்டேன்."

உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் நிதானமாகக் கேட்டாய்: "நல்லா நெனச்சுப் பாரு. எழுதினது தெரியுதா, இல்ல பயத்துல அப்படித் தோணுதா?"

"தெரியுது. மொத எழுத்துலேந்து தெரியுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"சரி, பதறாதே. பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்'தான் என்னைக் கொளுத்தியது. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "என்னத்தப் பாத்துக்குவ? ஒனக்கென்ன, நீ பாஸ் பண்ணி இருபத்தாறு வருசமாச்சு. கைட மனப்பாடம் பண்ணியிருந்தா எக்ஸுன்னு எழுதிட்டு வந்திருப்பேன். ஒனக்கு டீச்சராவணும்னு ஆசை. அந்த ஆசைக்கு என் வேலையத் தின்னுட்ட. ஜாக்கெட் தெக்கிறவ ஜாக்கெட்டத் தெச்சிக்கிட்டு இருந்திருக்கணும்."

நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன், சரியாகப் போயிருக்கும். எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிறவள் அன்றைக்கு, "ஆமா. என் தப்புதான்" என்று மட்டும் சொன்னாய். ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே நடந்து போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நான் உன் தெருப் பக்கமே வரவில்லை. ஆபீசிலிருந்து போன் வந்தால், பேப்பரை ரத்து செய்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் என்று எடுக்கவே மாட்டேன். தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் பின்கட்டுக்கு ஓடுவேன். பயம் ஏற ஏற உன் மேல் கோபமும் ஏறியது. பயத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, உன் மேல் இறக்கி வைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பதினொரு மணிக்கு நீ அங்கன்வாடிக்கு வந்தாய். நான் உள்ளே பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் உன் நீலப் புடவையைப் பார்த்ததும் டீச்சரிடம், "நான் கோட்டுச்சேரி போயிருக்கேன்னு சொல்லிடுங்க" என்றேன். அவரும் போய்ச் சொன்னார். "அப்படிங்களா டீச்சர், பரவால்லீங்க" என்று நீ சொன்னது சமையலறை வரை கேட்டது. எதிரே பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாய். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிப் போனாய். நான் முட்டையை உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஈஸ்டர் முடிந்த மறு செவ்வாய், தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டாய். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். நான் வருவதற்குள் உன்னைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "வந்துட்டியாம்மா" என்றார். அந்த ஒரு சொல்லில் என்ன டோன் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல நீயும் இல்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பாஸ். முப்பத்தைந்து வேண்டும், முப்பத்தேழு வாங்கியிருந்தேன். வீட்டுக்காரர் கேசரி கிண்டினார், மகள் போனில் கத்தினாள். எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. பெயர் எழுதியும் எப்படி விட்டார்கள்? திருத்தியவர் கவனிக்கவில்லையா, பாவம் பார்த்தாரா? நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது பிரித்துப் பார்த்து, கொடுத்த வேலையைப் பிடுங்கினால்? எதையும் கிளறாதே என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். கேட்கவில்லை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பிரவுசிங் சென்டர் பிரிண்டரிலிருந்து அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடிதப் பக்கத்தை எடுத்தேன்.

அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்து. ஒரே ஒரு எழுத்து. அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் தெளிவாக எக்ஸ் எக்ஸ் எக்ஸ், கீழே ஒய் ஒய் ஒய். நான் பெயர் எழுதவே இல்லை. எழுதப் போன கையை ஏதோ ஒன்று நிறுத்தியிருக்கிறது. கடைசி வாரம் முழுக்க நீ தினமும் சொன்னதுதான், வேறென்ன? அடித்துவிட்டு எழுதியது மறந்துபோய், அந்த ஒற்றை எழுத்தைத்தான் முழுப் பெயராக நினைத்துக்கொண்டு உன்னைத் தெருவில் நிறுத்திக் கத்தியிருக்கிறேன். கடிதத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். அந்த நான்கு இல்லையென்றால் நான் பெயில்.

சென்டர்க்காரர், "என்னக்கா, மார்க்கு கொறஞ்சுடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் வீட்டுக்காரர் மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்திருந்தார். தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. இதுல என்ன இருக்கு?"

"நான் பேரு எழுதலண்ணே. அவ சொன்ன மாதிரிதான் எழுதியிருக்கேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பைத்தியக்காரி மாதிரி..."

மெஷின் உறையின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு ஒன்னப் பாக்க வந்துட்டுத் திரும்பி வந்தாள்ல, அவ உள்ளதான் இருந்தாள்னு சொன்னா. ஒன் செருப்பு வாசல்ல கெடந்துச்சாம். ஏண்டி கூப்புடலன்னு கேட்டேன். கோவத்துல இருக்கா, பாஸாயிட்டா அவளே வருவான்னு சொன்னா." தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "இத எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆவப்போவுது? அவகிட்டல்ல சொல்லணும்."

அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ தப்புப் பண்ணவில்லை. நீ கற்றுக்கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் உன்னை அவமானப்படுத்தினேன், நான்தான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன். நீ செய்யாத ஒன்றை உன் தப்பு என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். இதை எந்த அதிகாரியிடம் மனுக் கொடுத்து மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

ஆடி பிறப்பதற்கு முன்பே பணியாளர் ஆர்டர் வந்துவிட்டது. பழைய டீச்சர் மாற்றலில் போய்விட்டார், இப்போது என்னைத்தான் டீச்சர் என்கிறார்கள். வருகைப் பதிவேடு என் மேசையில் இருக்கிறது, முட்டை உரிக்க வேறொரு பெண் வந்திருக்கிறாள். ஆனால் வாசலில் யாராவது வந்து நின்ற மாதிரி இருந்தால் அவளை அனுப்புவதில்லை, நானே எழுந்து ஓடுகிறேன். பெரும்பாலும் தடுப்பூசி போடுகிற நர்ஸ், இல்லையென்றால் பிள்ளையைக் கூப்பிட வந்த தாய். போன வாரம் யாருமே இல்லை, காற்றில் கேட் ஆடிய சத்தம்தான். அப்படியும் எதிரே பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.